மூன்றாவது நாசிலுக்கு வைத்த பொட்டு

டீசலும் சந்தனமும் ஒன்றாகக் கருகினால் ஒரு வாசனை வரும். நல்ல வாசனை என்று சொல்ல முடியாது, நாற்றம் என்று தள்ளிவிடவும் முடியாது; கோயில் பிராகாரத்துக்குள் யாரோ லாரியைக் கிளப்பியது போல இருக்கும். அதை முகர்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் முகர்ந்திருக்கிறேன், ஏழாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில், செஞ்சியில் ஒரு பம்பு கடையின் மேசைமேல். அதற்குக் காரணம் நான்தான் என்று அன்றைக்கு எல்லோரும் முடிவு செய்தார்கள், நானும் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து தொண்டூர் போகும் வழியில் இருக்கிறது. பாறைக்கும் பாறைக்கும் நடுவில் எங்கெல்லாம் மண் கிடந்ததோ அங்கெல்லாம் எங்கள் முன்னோர்கள் வரப்புக் கட்டி அதற்கு வயல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்; சில வயல்களில் பாயை விரித்தால் மூலை மடங்கும். பெரிய டிராக்டர் இறங்கினால் அது திரும்புவதற்குள் இரண்டு பக்கத்து வரப்பும் காணாமல் போய்விடும். இதை யோசித்துத்தான் நைனா (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு மாந்தோப்புக்காரரிடமிருந்து பழைய சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தார். மூன்று சிலிண்டர், உயரம் என் தோள் வரைக்கும். நைனாவோ நல்ல உயரம். அவர் ஏறி உட்கார்ந்தால் முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் எழும்பி நிற்கும். ஊரில் அதைப் "பொம்ம வண்டி" என்றார்கள். சொந்தமாகப் பெரிய டிராக்டர் வைத்திருந்த பெரியப்பா "ஆட்டுக்குட்டி" என்றார். நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக்கி உழும் சேடைக் காலம் வந்தபோது பெரியப்பாவின் வண்டி சேற்றில் புதைந்து நிற்க, எங்கள் ஆட்டுக்குட்டி அதே சேற்றில் குறுக்கும் நெடுக்கும் போய்வந்ததை ஊரே நின்று பார்த்தது. அதற்குப் பிறகு சின்ன வயல்காரர்கள் எல்லோரும் வீடு தேடி வந்து சொல்லி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

வண்டியில் ஒரே ஒரு குறைதான். அது எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கம்பெனி அந்த மாடலைச் செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. செஞ்சி கடைகளில் வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் நம்மை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அதனால் நைனா பெயரையே சொல்ல மாட்டார். கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, "சாம்பிள்" என்று மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய், கடைக்காரர் முன்னால் வைத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் சொல்வார். "பேர சொல்லிக் கேட்டா இல்லம்பான், நம்பர சொல்லிக் கேட்டா எடுத்துக் குடுப்பான்" என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. இப்படியாக எங்கள் வண்டிக்கு ஏதோ ஒரு வேனின் பெல்ட்டும், ஜெனரேட்டரின் ஆயில் பில்டரும், எந்த இயந்திரத்தில் பிறந்தது என்றே தெரியாத ஒரு ரப்பர் சீலும் வந்து சேர்ந்தன. அம்மா சலித்துக்கொள்வாள்: "கல்யாணப் பொடவ எடுக்கக்கூட இத்தினி கட ஏறி எறங்கல."

எனக்கும் இதில் வேலை உண்டு. பாகங்களின் படம் போட்ட புத்தகம் ஒன்று வண்டியோடு வந்திருந்தது, அத்தனையும் ஆங்கிலம். நைனா ஐந்தாவது வரைதான் படித்தவர். புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். அவர் படத்தில் விரல் வைப்பார், நான் எழுத்துக் கூட்டிப் படித்து எண்ணைச் சொல்வேன். புரிந்து படித்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். "டெலிவரி வால்வு" என்று ஒன்று வந்தபோது, இது ஆஸ்பத்திரி சமாசாரம் ஆயிற்றே என்று கொஞ்ச நேரம் விழித்தேன். ஆனாலும் பாகம் தேடிப் போகும்போதெல்லாம் நைனா என்னையும் கூட்டிப்போவார். பஸ்ஸில் ஜன்னலோர இடமும் செஞ்சி பஸ் நிலையத்தில் ஒரு தேங்காய் பன்னும் எனக்கு நிச்சயம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், வண்டிக்கு முழு சர்வீஸ். மழை இறங்கிச் சேடை வேலை தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பழைய ஆயிலை வடித்து எடுத்தால் அம்மா அதை வீணாக்காமல் மாட்டுக் கொட்டகைக் கம்பங்களுக்குப் பூசுவாள், கரையான் வராது. பில்டர்கள் கழன்று வரும், காற்று வடிகட்டியின் கிண்ணம் கழுவப்பட்டு வெயிலில் கவிழும். கடைசியாக நாசில்கள். டீசலைப் பொடித் தூறலாக்கி இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற இரும்புக் குழல்கள் அவை. சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று. அவற்றை மட்டும் நைனா தானே சுத்தம் செய்ய மாட்டார். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் டீசல் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஜமால் பாயிடம் கொண்டுபோவார்.

பாய் நாசிலை ஒரு சின்ன இயந்திரத்தில் பூட்டிக் கையால் கைப்பிடியை அழுத்துவார். நுனியிலிருந்து டீசல் புகை மாதிரி பறக்கும், கூடவே "கீச் கீச்" என்று ஒரு சத்தம். பாய் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். கீச்சென்றால் நல்லது, சத்தமில்லாமல் ஒழுகினால் கெட்டது. எல்லாம் சரியானதும் ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் செருகி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். கொடுக்கும்போது வருஷம் தவறாமல் ஒரே வசனம்தான்.

"ஏழுமல, இன்ஜின்ல மாட்ற வரைக்கும் இந்த மூடிய கழட்டக் கூடாது. ஊசி மொன தூசு போனாலும் நாசில் அவுட்டு."

ஏழுமலை என்பது நைனாவின் பெயர். ஊரில் யாருக்கும் அடங்காத அவர், பாய் முன்னால் மட்டும் வகுப்பில் நிற்கிற பையன் மாதிரி தலையாட்டுவார். பாயின் வாயால் "நீ வண்டிய நல்லா வெச்சிருக்க" என்று ஒரு சொல் வாங்குவது அவருக்குப் பத்துப் பேர் பாராட்டுவதற்குச் சமம்.

அந்த வருஷம் நாசில்கள் பூஜைக்கு முதல் நாள்தான் கைக்கு வந்தன. சாமி பார்த்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நைனா சொல்லிவிட்டார். மறுநாள் கூடத்தில் பெரிய தலைவாழை இலைகள் போட்டு, மண்வெட்டி, அரிவாள், அம்மாவின் தையல் மெஷின், ஸ்பேனர்கள், என்னுடைய கணக்குப் புத்தகம் எல்லாம் வரிசையில் ஏறின. கணக்குப் புத்தகத்தை நான்தான் ஆழத்தில் வைத்தேன், பூஜை முடிந்தும் எடுக்க முடியாதபடி. படையலில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், எதையும் மூடி வைக்கக் கூடாது. வாழைப்பழத்தின் நுனியைக் கிள்ளி வைப்பார்கள், பொரிப் பையை அவிழ்த்து வைப்பார்கள், சுண்டல் பாத்திரத்தின் மேல் தட்டு இருக்காது. "சாமி வந்து மூடியத் தெறந்துகினு இருக்குமா?" என்பாள் அம்மா. தையல் மெஷினின் எண்ணெய்ப் புட்டி கூட அன்றைக்குத் திறந்துதான் இருக்கும்.

சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. "ஒண்ணு வுடாம வை மலரு" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பொட்டு வைப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். பொட்டு என்றால் நெற்றியில் வைக்க வேண்டும். ஸ்பேனருக்கு நெற்றி எது? அரிவாளுக்கு? ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகம் எங்கே இருக்கிறது என்று தீர்மானித்த பிறகே விரலை வைத்தேன். நாசில்கள் மூன்றும் இலையின் ஓரத்தில், நுனி மேலே பார்க்க, பளபளவென்று நின்றன. அவற்றைப் பற்றி எனக்குச் சந்தேகமே எழவில்லை. மேலே இருப்பதுதான் தலை. மூன்றின் நுனியிலும் வைத்தேன். மூன்றாவதுதான் அன்றைக்குக் கடைசி. கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனத்தை வழித்து எடுத்து, அதன் தலையில் தாராளமாக அப்பி, நடுவில் ஒரு குங்குமமும் வைத்தேன். மிக அழகாக இருந்தது.

பூஜையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதால் அன்று முழுவதும் சந்தனம் காய்ந்தது. மறுநாள் விஜயதசமி காலையில் நைனா மூன்றையும் இலையில் நின்ற வரிசையிலேயே எடுத்துத் துணியால் துடைத்து, புதுச் செம்பு வாஷர் வைத்து இன்ஜினில் பூட்டினார். எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது, ஆனால் அது எங்கள் வண்டியின் குரலே இல்லை. நொண்டி நடப்பது போல ஒரு தாளம் விட்டு விட்டு, "டக் டக்" என்று உள்ளே யாரோ தட்ட, கரும்புகை வாசலை மறைத்தது. நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபடி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நைனா ஓடுகிற இன்ஜினில் டீசல் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். முதலாவதைத் தளர்த்தியதும் இன்ஜின் தள்ளாடியது, இரண்டாவதுக்கும் தள்ளாடியது, மூன்றாவதைத் தளர்த்தியபோது எந்த மாறுதலும் இல்லை. அதாவது மூன்றாவது வேலையே செய்யவில்லை. அவர் "மூணு" என்று சொன்ன நிமிஷம், மூன்றாவதின் தலையில் நான் அப்பிய சந்தனம் கண் முன்னால் வந்து நின்றது.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அடிக்குப் பயந்து அல்ல, நைனா என்னை அடித்ததே இல்லை. சாமிக்கு வைத்த சந்தனம் வண்டியைக் கெடுத்தது என்று நான் எப்படி வாய்விட்டுச் சொல்வது? அப்படிச் சொன்னால் அது வண்டியை விடப் பெரிய வம்பாகிவிடும் என்று தோன்றியது. சாமியே பார்த்துச் சரி செய்துவிடட்டும் என்று அன்றைக்கு மூன்று முறை பூஜை அறைக்குப் போய்க் கும்பிட்டேன். சாமி அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாளே முதல் மழை இறங்கியது. சொல்லி வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, வண்டியின் குரலைக் கேட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். பெரியப்பா பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் ஒருவரோடு பேசிவிட்டு வந்தார். "ஞாயித்துக்கெழம வர்றேன்னாரு ஏழுமல. இதுக்கு ஸ்பேர் தேடியே உன் காலம் பூடும். குடுத்துட்டு என்கூட வந்து பெரிய வண்டிய ஓட்டு" என்றார். நைனா வண்டியின் பானெட்டைத் துண்டால் துடைத்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமக்குள்ள ஓடலன்னா குடுத்துடறேண்ணா" என்றார். இடையில் நான்கு நாட்கள்தான் இருந்தன. அண்ணனின் வண்டிக்கு டிரைவராகப் போவதை அவர் எப்படி நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

டீசல் பம்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாயிடம் போனோம். பாய் முதல் கேள்வியாகவே கேட்டார்: "நாசில மூடியோடதான வெச்சிருந்த?"

"ஆமா பாய்" என்றார் நைனா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பொட்டு வைத்தபோது மூடி இல்லை. துடைத்து மாட்டிய அவசரத்தில் நைனா அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, காலி மஞ்சள் பையை மடிக்கத் தொடங்கினேன். பாயும் தலையாட்டினார். "அப்போ நாசில்ல இருக்காது. நான் டெஸ்ட் பண்ணிக் குடுத்தது." பம்பைப் பிரித்து, மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் அனுப்பும் டெலிவரி வால்வு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, இதுவாக இருந்தாலும் இருக்கும், ஆனால் இந்த அளவு தன்னிடம் இல்லை என்றார். அதன் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நானும் நைனாவும் பஸ்ஸிலேயே குடியிருந்தோம். திண்டிவனத்தில் ஒரு கடைக்காரர் வால்வை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டி இன்னும் ஓடுதா?" என்று ஆச்சரியப்பட்டார். அதற்கு நைனாவால் ஓடுகிறது என்றும் சொல்ல முடியவில்லை. விழுப்புரத்தில் நான்கு கடை; ஒருவர் மட்டும் பெட்டி பெட்டியாக இறக்கித் தேடி, கடைசியில் தும்மிக்கொண்டே கையை விரித்தார். மழையில் நனைந்த சட்டையோடு பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். வழக்கமாகப் பஸ்ஸில் நைனா ஓயாமல் பேசுவார், எந்த வயலில் என்ன பயிர், யார் வீட்டுக் கிணறு எத்தனை ஆழம் என்று. அந்த இரண்டு நாளும் பேசவில்லை. பன் வாங்கிக் கொடுத்தார். நான் கடிக்காமலே கையில் வைத்திருந்தேன். "இன்னாம்மா, சாப்டலியா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாண்டிச்சேரியில் மீன்பிடிப் படகு இன்ஜின்களுக்குப் பாகம் விற்கும் கடையில் அந்த எண் கிடைத்தது. நைனா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் சனிக்கிழமை, பாய் அதைப் போட்டுக் கொடுக்க, மத்தியானத்துக்குள் பம்பு வண்டியில் ஏறியது. சாவியைத் திருப்பினார். அதே நொண்டி, அதே கரும்புகை.

நைனா இறங்கிவந்து முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, சேறு என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய மனுஷர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "போவட்டும், குடுத்துட்லாம்" என்றார், யாரிடமும் இல்லாமல். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நைனா, அந்த மூணாவதுக்கு நான்தான் சந்தனம் நெறைய வெச்சிட்டேன். தலையில."

கோபம் வரும் என்று முகத்தைப் பார்த்தேன். வரவில்லை. பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு மூச்சு விட்டார், அவ்வளவுதான். எழுந்து ஸ்பேனரை எடுத்தார். நாசிலைக் கழற்றினால் நசுங்கிய செம்பு வாஷர் மறுபடி உதவாது, வேறு வாஷர் கிடையாது என்று நாலு நாளாக அதைத் தொடாமல் இருந்தவர், இப்போது கழற்றிய வாஷரை அம்மாவின் அடுப்பில் போட்டுச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் முக்கினார். செம்பு இளகிப் புதுசு போல ஆயிற்று. இந்த வித்தை தெரிந்தவர் ஏன் முதல் நாளே இதைச் செய்யவில்லை என்று கேட்கும் வயது எனக்கு அப்போது இல்லை. மூன்றாவது நாசிலின் நுனியில் பழுப்பாக ஒரு பொருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் டவுன் பஸ்ஸில் பாய் கடைக்குப் போனோம். பாய் நாசிலைப் பிரித்தார். உள்ளே இருக்கும் ஊசி, கருகிய சந்தனத்தில் ஒட்டி, அசையாமல் நின்றது. பாய் அதை மூக்கருகில் கொண்டுபோனார், என்னிடமும் நீட்டினார். அந்த வாசனையைத்தான் முதலில் சொன்னேன்.

"நுப்பது வருசமா கடை வெச்சிருக்கேன், வாசனையா ஒரு நாசில் இன்னிக்கித்தான் வருது" என்று சிரித்த பாய், சட்டென்று நிறுத்தி நைனாவைப் பார்த்தார். "மூடி இருந்திச்சின்னியே. சந்தனம் எப்பிடி உள்ள போச்சி?"

நைனா தரையைப் பார்த்தார். "பாப்பா கழட்டிட்டு வெச்சிருக்குது பாய். சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்."

நான் மூடியைக் கழற்றவே இல்லை. ஆனால் படையலில் எதையும் மூடி வைக்க விடாதவள் யார்? அம்மாதான் கழற்றியிருக்கிறாள், பாய் முன்னால் அவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நைனா என்னைச் சொல்கிறார் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு, பெரிய மனுஷி மாதிரி வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த வயதில் அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாய் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். ஊசியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெருகேற்றும் பசை தொட்டு விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லத் திருகித் திருகி, கடைசியில் இயந்திரத்தில் பூட்டி அழுத்தினார். கீச் கீச்.

வண்டியைப் பிரித்து விற்பவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது ஆட்டுக்குட்டி தன் சொந்தக் குரலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். அன்று மத்தியானமே நைனா சேடைக்கு இறங்கிவிட்டார்.

ஆனால் அந்தக் கதை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் "வண்டிக்கிப் பொட்டு வெச்ச பொண்ணு" என்று ஆரம்பிப்பார். என் மஞ்சள் நீராட்டில் சொன்னார், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார், கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் இலை இலையாகப் போய்ச் சொன்னார். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு நான் நாசிலைக் குளிப்பாட்டினேன் என்கிற அளவுக்கு அது வளர்ந்தது. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நைனா மட்டும் எழுந்து, வெற்றிலை வேண்டும் என்றோ தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா பார்க்கிறேன் என்றோ போய்விடுவார். மகளைக் கேலி செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை, எவ்வளவு பாசம் என்று நான் உருகியிருக்கிறேன்.

இப்போது நான் செஞ்சியிலேயே பள்ளி ஆசிரியை. வண்டி இன்னும் ஓடுகிறது. என் கணவர் ஓட்ட, நைனா வரப்பில் நின்று கியர் மாற்றச் சொல்லிக் கத்துகிறார். பாகம் தேடி யாரும் ஊர் ஊராக அலைவதில்லை. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ கூரியரில் அனுப்பிவிடுகிறார். நைனாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெட்டி வந்ததும் பழைய சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பையைக் கிழிக்க விடுவார். ஜமால் பாய் போன வருஷம் கோடையில் காலமானார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி ரீசார்ஜ் செய்கிறார்கள்.

போன ஆயுத பூஜைக்குப் புது நாசில்கள் வந்திருந்தன, பச்சை மூடியோடு. என் மகள் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, படையலுக்காக முதல் மூடியைக் கழற்றக் கை வைத்தாள். "கழட்டாத!" என்று நைனா போட்ட சத்தத்தில் குழந்தை அரண்டுவிட்டது. அவளை மடியில் வைத்துத் தேற்றிவிட்டு, அவள் எழுந்து போன பிறகு, இலையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கி மூடிய கழட்டனது நான்தாம்மா. படையல்ல மூடி வெக்கக் கூடாதுன்னு உங்கம்மா சொல்லிகினே இருந்தா. மூணையும் கழட்டி நிக்க வெச்சிட்டு, குளிக்கப் பூட்டேன். பாய் கேட்டப்ப ஆமான்னு பொய் சொல்லிட்டேன். அவ்ளோ தூரம் சொல்லிக் குடுத்தவரு, அவருகிட்ட இன்னான்னு சொல்றது? பஸ்ல போவசொல்லல்லாம் திரும்பிப் போயி சொல்லிட்லாம் சொல்லிட்லாம்னு பாத்தேன். நீ வேற பக்கத்துல உக்காந்துகினு இருந்த. அப்பால நீயா வந்து சொன்னதும், உன்மேல போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு வரவேண்டிய கோபம், அத்தனை வருஷம் கழித்து அப்படியே வந்தது. "இத்தினி வருசம் கழிச்சி இப்ப ஏன் நைனா சொல்ற?" என்றேன்.

"பாய்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். அவரு பூட்டாரு. உன்கிட்டயாவது சொல்லிட்லாம்னு."

அதற்குப் பிறகு கோபப்பட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பஸ்ஸை நினைத்துப் பார்த்தேன். ஒரே சீட்டில் இரண்டு பேர், ஒரே சந்தனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி பாண்டிச்சேரி வரை போய் வந்திருக்கிறோம். கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். மூடிகளின் மேல் அவரே மூன்று பொட்டு வைத்தார்.

பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது பெரியப்பா வழக்கம்போல் என்னைப் பார்த்து ஆரம்பித்தார். நைனா இந்த முறை எழுந்து போகவில்லை. "அவ இல்லண்ணா, மூடிய கழட்டனது நானு" என்றார். பெரியப்பா தம்பியைப் பார்த்து, "அட, என்னடா இது, நல்லாத்தான போயிகினு இருந்திச்சி" என்றார். அம்மா எழுந்து இலை போடப் போனாள்.

அதோடு அந்தக் கேலி நின்றுவிட்டது. இப்போதெல்லாம் பெரியப்பா என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டு, வேறென்ன பேசுவது என்று தெரியாமல் தேடுகிறார். நைனா விருந்துகளில் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார். செய்யாத தப்பு என் தலையிலிருந்து இறங்கியதில் எனக்கு நிம்மதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இலைக்கு முன்னால் உட்காரும்போது, யாராவது அந்தக் கதையை ஆரம்பிக்க மாட்டார்களா என்று காது இன்னும் ஒருமுறை தேடிப் பார்க்கிறது.